மருத்துவிச்சியின் கை: பனிச்சங்கேணிப் பக்கத்துப் பால் வைத்தியம் பற்றிச் சில குறிப்புகள்

கிழக்கிலங்கையில் ஊர் வரலாற்று நூல்களுக்குக் குறைவில்லை. பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, முதல் மரைக்கார் யார், குடிகள் எத்தனை, பாடசாலைக்குக் காணி கொடுத்தவர் யார், ஊரின் முதல் சட்டத்தரணி யார், முதல் டொக்டர் யார் என்பதெல்லாம் அவற்றில் ஒழுங்காக இருக்கும். அந்த மரைக்காரையும் சட்டத்தரணியையும் டொக்டரையும் இரண்டு கையாலும் ஏந்தி இந்த உலகத்துக்கு எடுத்த பெண்ணின் பெயர் மட்டும் இருக்காது. நான் வாசித்த நூல்களில் ஒன்றிரண்டில் 'மருத்துவிச்சிமாரும் இருந்தனர்' என்று ஒரு வரி உண்டு. அவ்வளவுதான்.

மருத்துவிச்சி என்றதும் பிள்ளை எடுப்பவள் என்றே நாம் நினைக்கிறோம். பிள்ளை எடுப்பது ஓர் இரவு வேலை. அதற்குப் பிறகு நாற்பது நாள் வேலை இருந்தது. தாயின் உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பது, இலை அவித்த வெந்நீரில் வார்ப்பது, வயிற்றுக்குச் சீலை சுற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பால் இறங்கச் செய்வது. இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

பனிச்சங்கேணி, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட பகுதியில், வாகரைப் பிரதேசத்தில், திருகோணமலை வீதியில் உள்ள ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவே பாலம். பனிச்சை மரத்தின் பெயரும் கேணியும் சேர்ந்து ஊர்ப்பெயரானது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் மீன் வலையைத் தோய்த்து உரமேற்றுவது பழைய வழக்கம். நைலோன் வலை வந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. இந்தக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்களும் வாழ்கின்றன. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. முஸ்லிம்களாகிய எங்கள் ஊர்கள் தெற்கே ஓட்டமாவடி, மீராவோடை என்றும், வடக்கே மூதூர், தோப்பூர் என்றும் இருக்கின்றன. மீன், கருவாடு, தேன், நெல், புடவை என்று இவற்றுக்கிடையே போக்குவரத்து எப்போதும் இருந்தது. அந்தப் போக்குவரத்தில் மருத்துவிச்சியின் கையும் ஒன்று.

1988இல் என் தம்பி பிறந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர் பனிச்சங்கேணிப் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருவர். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. ஆனாலும் நாற்பது முடியும்வரை அவர் வந்து போனார். பஸ்ஸில் வருவார், எண்ணெய்ப் போத்தலைத் தன் சீலைத்தலைப்பில் சுற்றிக்கொண்டு வருவார். உம்மா அவரை 'அக்கா' என்பார், அவர் உம்மாவை 'தங்கச்சி' என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அறைக்குள் விடமாட்டார்கள். வேப்பெண்ணெய் மணமும் வெளியே கேட்கும் சிரிப்புமே எனக்கு ஞாபகம்.

1990இல் என்ன நடந்தது என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓகஸ்ட் 3 காத்தான்குடி, அடுத்த கிழமை ஏறாவூர். அதே காலத்தில் தமிழ்க் கிராமங்களும் எரிந்தன. ஒருவர் ஊருக்குள் ஒருவர் கால் வைக்க முடியாமற் போயிற்று. 1991இல் எங்கள் கடைசித் தங்கை பிறந்தபோது அந்த அம்மா வரவில்லை, வரவும் முடியாது. தங்கை பெரும்பாலும் பால்மாவில் வளர்ந்தாள். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், அந்த வருடம் உம்மா ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை, தூங்கவுமில்லை. ஆனால் உம்மா இன்றுவரை சொல்லும் காரணம் ஒன்றுதான்: "முதுகு உருவ ஆளில்ல."

முதுகு. மார்பல்ல. இந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை.

சில காலத்துக்கு முன் பனிச்சங்கேணியில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் தாயும் அவரும் இந்த வேலை செய்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்றார். ஆம்பிளையிடம் சொல்லும் கதையா இது என்று முதலில் மகளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் பேத்தியை முன்னால் இருத்திச் செய்து காட்டினார்.

பிள்ளை பிறந்து இரண்டாம் மூன்றாம் நாளில், பால் இறங்கத் தொடங்கும் வேளையில், தாயைத் தாழ்ந்த பலகையில் இருத்துவார்கள். முன்னால் உரலோ தலையணை அடுக்கோ இருக்கும். அதன்மேல் கையை மடித்து, நெற்றியை வைத்துக் குனிந்திருக்க வேண்டும். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தோளிலிருந்து தொடங்குவார்கள். பெருவிரல்கள் இரண்டும் முள்ளந்தண்டின் இரு பக்கமும், எலும்பின் மேல் படாமல், சிறு சிறு வட்டமாகக் கழுத்தடியிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ்வரை இறங்கும். அப்படிப் பல தடவை. அதன் பிறகே மார்பு. அதற்கு விரல் நுனி கூடாது, உள்ளங்கை மட்டும். வெந்நீரில் பிழிந்த சீலையால் ஒற்றி, ஓரத்திலிருந்து காம்பை நோக்கி, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல. சில வேளை ஆமணக்கிலையை அனலில் வாட்டி மேலே வைத்துக் கட்டுவதும் உண்டு. முடிந்ததும் உடனே பிள்ளையை மடியில் வைத்துவிட வேண்டும். "தடவிப்போட்டுப் பிள்ளையக் குடுக்காம விட்டா என்ன பிரயோசனம் மனே? பிள்ளை உறிஞ்சினாத்தான் பால். எங்கட கை வழி காட்டுறது மட்டுந்தான்."

பால் கட்டி மார்பு கல்லுப்போல் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அழுத்தவே கூடாது என்றார். அழுத்தினால் உள்ளே புண்படும், காய்ச்சல் வரும். மெதுவாகத் தொட்டுப் பிள்ளையை அடிக்கடி குடிக்க விடவேண்டும். "பால் மாரிலயா இருக்கு? முதுகிலயெல்லோ இருக்கு. முதுகு இளகினாப் பால் தானா இறங்கும்."

பால் முதுகில் இருக்கிறது என்பதை உடற்கூற்றியல் ஏற்காது. ஆனால் அந்த ஆச்சி சொன்னதின் பின்னால் ஒரு கவனிப்பு இருக்கிறது. அதை விஞ்ஞானம் சுற்றி வளைத்து வந்தடைய அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

1910இல் ஒட், ஸ்கொட் என்ற இருவர் மூளையடியிலுள்ள கபச் சுரப்பியின் பின்பகுதிச் சாற்றை ஆட்டுக்கு ஏற்றியபோது பால் வெளியே பாய்வதைக் கண்டார்கள். அந்தச் சாற்றில் இருந்தது ஒக்சிடோசின் என்னும் ஓமோன். 1948இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கல் நியூட்டன் தம்பதியர், தாய்க்கு வலியோ மனக்குழப்பமோ ஏற்பட்டால் பால் இருந்தும் இறங்காது என்பதைப் பரிசோதித்துக் காட்டினார்கள். 1953இல் வின்சன்ட் டு விக்னோ ஒக்சிடோசினை ஆய்வுகூடத்தில் செயற்கையாகவே உருவாக்கி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். இதில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது இரண்டு வேலைகள் இரண்டு ஓமோன்களிடம் இருக்கின்றன என்பது. பாலை உண்டாக்குவது புரோலக்ரின். உண்டான பாலைத் தள்ளி வெளியே விடுவது ஒக்சிடோசின். முதலாவது, பிள்ளை உறிஞ்ச உறிஞ்சக் கூடும். இரண்டாவது, தாய் இளகி இருந்தால் வரும், பயந்து இறுகினால் நின்றுவிடும். முதுகு தடவுவது இரண்டாவது வேலைக்கு உதவி. பாலே ஊறாத இடத்தில் எண்ணெய் ஊறவைக்காது. ஊறிய பால் அடிக்கடி வெளியேறினால் அடுத்த பால் கூடுதலாக ஊறும், அந்த வழியால்தான் தடவல் பாலைக் 'கூட்டுகிறது'.

1993இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான பயிற்சிநெறி ஒன்றை வெளியிட்டன. அதிலே பால் இறங்க உதவும் வழிகளில் ஒன்றாக மேல்முதுகு தடவல் விபரிக்கப்பட்டுள்ளது. தாய் மேசையில் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக் குனிந்திருக்க வேண்டும், உதவுபவர் பெருவிரலால் முள்ளந்தண்டின் இருபுறமும் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புகள்வரை சிறு வட்டங்களாக இறக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம். இதை வாசித்தபோது எனக்கு மேசை தெரியவில்லை, உரல்தான் தெரிந்தது. 2009இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட்டில் டொக்டர் ஜேன் மோர்ட்டனும் கூட்டத்தாரும் குறைமாதப் பிள்ளைகளின் தாய்மாரிடம் செய்த ஆய்வில், பம்பினால் பால் எடுப்பதோடு கையால் தடவியும் பிழிந்தும் எடுத்தவர்களுக்குப் பால் கூடியது தெரிந்தது. மறுபுறம், பால் கட்டிய மார்பை ஆழ அழுத்திப் பிசையக் கூடாது, வீக்கமும் புண்ணும் மோசமாகும், மெல்லத் தடவுவதோடு நிற்க வேண்டும் என்று தாய்ப்பால் மருத்துவ அக்கடமி 2022இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆச்சியின் உள்ளங்கைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் எல்லா மருத்துவிச்சிமாரின் கையும் அப்படி மென்மையாக இருந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. பிசைந்து அழவைத்தவர்களைப் பற்றியும் பெண்கள் கதை சொல்கிறார்கள்.

இந்த அறிவு நமது மண்ணில் மட்டும் முளைத்ததுமல்ல. கிரேக்க மருத்துவர் சொரானஸ், ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன், பாலூட்டும் செவிலியர் கையையும் தோளையும் அசைக்கும் வேலைகள் செய்ய வேண்டும் என்று எழுதினார். தண்ணீர் இறைப்பதும் மா அரைப்பதும் அதில் அடக்கம். நெல்லுக் குத்துகிறவளுக்குப் பால் குறையாது என்று நமது கிழவிகள் சொல்வதும் இதுதானே. ஆமணக்கிலையின் கதை இன்னும் விசித்திரமானது. மக்வில்லியம் என்ற பிரித்தானிய வைத்தியர் 1850இல், ஆபிரிக்கக் கரைக்கப்பாலுள்ள கேப் வேர்ட் தீவுகளில் ஆமணக்கிலையை மார்பில் வைத்துப் பால் வரச்செய்வதைக் கண்டதாக எழுதினார். பனிச்சங்கேணிக்கும் கேப் வேர்டுக்கும் யார் கடிதம் போட்டார்கள்? நேர்மாறான வழக்கமும் தமிழகத்தில் உண்டு. பிள்ளை இறந்துபோன தாய்க்குப் பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அதை ஆங்கில மாத்திரையோடு ஒப்பிட்டுப் பரிசோதித்து, பூவும் வேலை செய்கிறது என்று 1988இல் வெளியிட்டனர்.

நமது மரபைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்மார் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றி அல்பகறா அத்தியாயம் பேசுகிறது. மூஸா நபியின் தாயாரின் கதையிலும் பாலூட்டல்தான் நடுநாயகம். நபியவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா ஸஃதிய்யாவைத் தெரியாத முஸ்லிம் பிள்ளை இல்லை. 1037இல் மறைந்த இப்னு சீனா தனது 'அல்கானூன்' நூலில் தாயின் பாலே பிள்ளைக்கு மிகப் பொருத்தமானது என்று எழுதினார். ஆனால் முதற் சில நாட்களுக்கு வேறொரு பெண் பாலூட்டுவது நல்லது என்ற கிரேக்கர் கருத்தையும் அவர் விட்டுவிடவில்லை. அந்த முதல் நாட்களின் மஞ்சள் பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி செறிந்திருக்கிறது என்பதை இன்று வைத்தியசாலைச் சுவரொட்டியே சொல்கிறது. நமது ஊர்களிலும் அந்தப் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீர் கொடுத்தார்கள். அதற்கு 'தஹ்னீக்' என்று மார்க்கப் பெயர் சூட்டியவர்களும் உண்டு. பேரீச்சம்பழத்தை மென்று அண்ணத்தில் தடவுவதுதான் தஹ்னீக். மூன்று நாளைக்குச் சீனித்தண்ணீர் கொடுத்தது நமது சொந்தக் கண்டுபிடிப்பு.

மருத்துவிச்சியைப் புகழ்ந்துகொண்டே போனால் அது வரலாறாகாது. 1930களில் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வொரு ஒரு லட்சம் பிள்ளைக்கும் 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30ஐ ஒட்டி நிற்கிறது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எண்ணெய்ப் போத்தலல்ல. 1879இல் கொழும்பில் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ வைத்தியசாலையும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகும், அதன் பின் கிராமம் கிராமமாகச் சென்ற பயிற்றப்பட்ட மருத்துவ மாதரும், மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும் கொண்டுவந்தவை. துருப்பிடித்த கத்தியால் கொடி அறுத்து ஏற்பட்ட ஏற்புவலியில் எத்தனை பிள்ளைகள் போயின என்பதற்கும் ஊர் வரலாற்று நூலில் வரி இல்லை.

இருந்தாலும், புதிய வைத்தியம் வந்தபோது பிள்ளை எடுக்கும் வேலையைத்தான் கையேற்றது. நாற்பது நாள் வேலையை யாரும் கையேற்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்தவர். மோன்செல் என்பவரின் பிரசவ நூலை 1857இல் தமிழாக்கி அச்சிட்டார். தமிழுக்கு அது பெரிய தொண்டு, மறுக்க முடியாது. ஆனால் அவருடைய மாணவர்கள் ஆண்கள். பிரசவம் பற்றிய தமிழ் அச்சுநூல் ஆண்கள் கையிலும், பிரசவம் எழுத்தறியாப் பெண்கள் கையிலுமாக இரண்டு உலகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டாவது உலகம் எதையும் எழுதிவைக்கவில்லை.

அந்த உலகம் கிழக்கிலே நீண்ட காலம் நிலைத்ததற்கு வீடு ஒரு காரணம் என்பது என் கருத்து. நம்மிடையே, தமிழர் முஸ்லிம் இரு சாராரிடமும், வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். 1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். மட்டக்களப்புத் தமிழரதும் சோனகரதும் கருவளம், பிறப்பு பற்றிய நம்பிக்கைகளை ஒன்றாக வைத்து 1982இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இரு சமூகத்தையும் ஒரே கட்டுரையில் வைக்க முடிந்ததே ஒரு செய்தி. பிள்ளை பெற்றவள் தன் உம்மாவின் கண்முன், தன் ராத்தா தங்கைமார் பக்கத்து வளவில் இருக்க, தன் சொந்த வீட்டில் படுத்திருக்கிறாள். மாமியாருக்குப் பயந்து இறுக வேண்டியதில்லை. முதுகு உருவ எப்போதும் ஒரு கை உண்டு. ஒக்சிடோசினுக்கு இதைவிட நல்ல வீடு அமையாது.

அந்த வீட்டுக்குள்தான் தகரப்பால் வந்தது. 1939இல் டொக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசி, இனிப்பூட்டிய கட்டிப்பாலைப் பிள்ளைக்கு ஏற்ற உணவென்று விற்பதைக் கொலைக்கு ஒப்பிட்டார். 1981 மே மாதம் உலக சுகாதார சபை பால்மா விளம்பரத்துக்கு எதிரான சர்வதேசக் கோவையை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு கோவையை வகுத்துக்கொண்டது. கோவை சமாதான காலத்துக்கு நன்றாக வேலை செய்தது.

2004 டிசம்பர் 26 கடல் இந்தக் கரைக்குள் புகுந்தது. முகாம்களுக்கு வந்த நிவாரணப் பெட்டிகளில் பால்மாவும் போத்தலும் இருந்தன. கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். உப்பேறிய கிணற்றருகே, விறகில்லாத இடத்தில், போத்தலை எதில் அவிப்பது என்று அவர்கள் யோசிக்கவில்லை. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபின் இதை எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நிவாரணப் பால்மா கிடைத்தவர்களுக்கு வயிற்றோட்டம் 100க்கு 25, கிடைக்காதவர்களுக்கு 100க்கு 12. அதே 2006இன் கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பிரதேச மக்கள் போரில் சிக்கி மறுபடி இடம்பெயர்ந்தார்கள். ஆச்சியும் அப்படி நடந்தவர்தான். வழியில் பிள்ளை பெற்ற ஒருத்திக்கு மர நிழலில் வைத்து முதுகு உருவிவிட்டதாகச் சொன்னார். எண்ணெய் இல்லை, வெறுங்கை. பயத்தில் பால் நின்றுபோயிருந்தது, இரண்டு நாளில் வந்தது என்றார். நியூட்டன் தம்பதியர் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பால்குடிச் சொந்தம் பற்றி ஒன்று. நமது ஷாபிஈ மத்ஹபில், இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைக்கு அவள் தாயாகிறாள், அவள் பிள்ளைகள் சகோதரராகிறார்கள், அவர்களுக்கிடையே கலியாணம் ஆகாது. பாலூட்டியவள் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கில்லை. உம்மாவின் முதுகை உருவிய அந்த அம்மா, உம்மாவுக்குப் பால் இறங்குமுன் பக்கத்தில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டுத் தம்பிக்கு இரண்டு நாள் குடிக்கக் கொடுக்கச் செய்தாராம். அவளும் தமிழ்ப் பெண், மீன் விற்க வந்து குடியிருந்தவர்கள். ஐந்து தடவைக்கு மேலிருக்கும் என்கிறார் உம்மா. ஆகவே சட்டப்படி தம்பிக்கு ஒரு தமிழ்த் தாய் எங்கோ இருக்கிறார். 1990க்குப் பிறகு அந்தக் குடும்பம் எங்கே போனதென்று எவருக்கும் தெரியாது.

இன்று இலங்கையில் 100இல் 99க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வைத்தியசாலையில் பிறக்கின்றன. 2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 82 தாய்ப்பால் மட்டுமே குடிக்கின்றன. உலகத்தோடு ஒப்பிட்டால் மிக உயர்ந்த கணக்கு. மருத்துவிச்சி போனபின்னும் பால் போகவில்லை என்பதை மனதாரச் சொல்ல வேண்டும். வீடு தேடி வரும் குடும்பநல மிஸ்ஸிமாருக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அப்படி வரும் ஒரு மிஸ்ஸியிடம் முதுகு தடவலைப் பற்றிக் கேட்டேன். பயிற்சியில் படித்ததாகவும், இப்போது கணவன்மாரைச் செய்யச் சொல்வதாகவும், அவர்கள் வெட்கப்படுவதாகவும் சொன்னார். இதை ஆச்சியிடம் சொன்னபோது அவர் பேத்தியின் தோளிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "தோணி வலிக்கிற கையாலயா? அப்ப முதல் அவனுக்கு எண்ணெய் போட்டுக் கையை இளக்கச் சொல்லுங்க."